தசைக் கட்டுரையின் கடைசி வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஆவணியில் ஒரு பெண் என் வீட்டு வாசலில் நின்று, ஒரு பத்திரிகைப் பக்கத்தை நீட்டி, "இதுக்கு அடுத்த பக்கம் எங்கீங்க?" என்று கேட்டாள். அடுத்த பக்கம் கிடையாது. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். அந்த அதிர்ச்சி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எழுதினால் போய்விடும் என்று எழுதுகிறேன் எனச் சொல்ல ஆசை. அது பொய். எழுதுவதற்குக் காரணம் வேறு. போகிற போக்கில் சொல்கிறேன்.

நான் இருப்பது துடியலூரில். கதை எழுதுகிறவன். ஒரு மாத இதழில் அறிவியல் பத்தியும் எழுதுகிறேன், புனைபெயரில். போன தை மாத இதழில் வந்தது ஒரு பக்கக் கட்டுரை: எச்.ஐ.வி. தொற்று தசையில் இருக்கும் செல்களை எப்படிச் சாகடிக்கிறது என்பது பற்றி. தலைப்பை இதழாசிரியர் வைத்தார். விஷயத்தை ஓர் ஆய்வாளர் சொன்னார். கடைசி வரி மட்டும் முழுக்க என்னுடையது.

2

தொடக்கம் ஒன்று: 'நுண்ணோக்கியின் கீழே தொடைத் தசையின் துணுக்கு ஒன்று இளஞ்சிவப்பாக விரிந்து—'

(விட்டுவிட்டேன். அழகாக வருகிறது. அழகாக வரும் வாக்கியங்களை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.)

தொடக்கம் இரண்டு: 'நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் குனிந்து கைதட்டியபோது பழனியாத்தாளின்—'

(இதையும் விட்டுவிட்டேன். அவர் கும்மி ஆடியதை நான் நேரில் பார்க்கவில்லை. அவர் மகளின், என் வாசலில் நின்ற அந்தப் பெண்ணின், செல்போனில் பார்த்ததுதான்.)

தொடக்கம் மூன்று: 'மன்னியுங்கள்.'

இதற்கு மேல் அந்தத் தொடக்கம் நகரவில்லை. ஆகவே அறிவியலிலிருந்தே தொடங்குகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த காரியத்தின் அளவு உங்களுக்குப் புரியாது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஹுமேரா. கோட்டைமேட்டுக்காரர், கோவையில் ஓர் ஆய்வகத்தில் தசைகளைப் பற்றி ஆராய்கிறவர். அந்தக் கிருமி தசைநாருக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை, நம் எதிர்ப்புச் செல்களுக்குள்தான் நுழைகிறது என்றார். அந்தச் செல்கள் தசைக்கு நடுவே வந்து கூடி, என்னென்னவோ வேதிப்பொருட்களைக் கக்குகின்றன. பக்கத்தில் சும்மா இருக்கும் தசைச் செல், தொற்றே இல்லாத செல், அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொண்டு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

"தொற்றாத செல் ஏன் சாகணும்?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்ல சண்டை நடக்குது சார், பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடையுது. அந்த மாதிரிதான். கிருமியை மாத்திரை அடக்கி வச்சா சண்டை குறையும், சாவும் குறையும்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஆரம்ப காலத்தில் அதிக அளவில் கொடுத்த பழைய மருந்து ஒன்று, தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தது. கிருமியால் வலியா, மருந்தால் வலியா என்று மருத்துவர்களே குழம்பிய காலம் உண்டு. இதைக் கேட்டதும் எனக்குள் இருக்கும் கதைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். காப்பாற்ற வந்தவனே திருடுகிறான்! இதைவிட நல்ல முடிவு எந்தக் கட்டுரைக்குக் கிடைக்கும்?

ஹுமேரா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சார், அது பழைய கதை. இப்ப கொடுக்கறது வேற மாத்திரை. அதைக் கடைசில கட்டாயம் போட்டுடுங்க" என்றார். வாசல் வரை வந்து இன்னொரு முறையும் சொன்னார்.

3

போட்டேன். சத்தியமாகப் போட்டேன். கட்டுரையின் கடைசியில் இந்த மூன்று வரிகள் இருந்தன:

'இது பல ஆண்டுகளுக்கு முன் அதிக அளவில் தரப்பட்ட பழைய மருந்தைப் பற்றியது. இன்றைய மாத்திரைகளில் இந்தச் சிக்கல் மிக அரிது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் கிருமியும் திரும்பும், தசையும் கரையும்.'

படித்துப் பார்த்தேன். சோப்பு டப்பாவின் பின்பக்கம் மாதிரி இருந்தது. மூன்று வரியையும் வெட்டினேன். வெட்டியதும் அதற்கு முந்தைய வாக்கியம் கடைசி வரியாக வந்து நின்றது:

'கிருமி தசைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை, நுழைவது மருந்து.'

'பெரும்பாலும்' என்பது காலில் சிக்கிய கயிறு மாதிரி இடறியது. அதையும் எடுத்தேன். இப்போது கேளுங்கள்:

'கிருமி தசைக்குள் நுழைவதில்லை, நுழைவது மருந்து.'

எழுந்து ஒரு முறை வீட்டுக்குள் நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இதழாசிரியர் வெங்கடபதி போனில் கேட்டார்: "பட்டுன்னு நிக்குதேங்க. கீழ ஏதாச்சும் ஒரு எச்சரிக்கை வேண்டாங்களா? எடம் இருக்குது."

"வாசகர் ஒன்றும் முட்டாள் இல்லைங்க" என்றேன்.*

* இந்த வாக்கியத்தை நான் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். வாசகர் முட்டாள் இல்லைதான். முட்டாள் வேறொருவன்.

4

வந்தவள் பெயர் யுவஸ்ரீ. இருபத்து மூன்று வயது. பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை. குரூப் தேர்வுக்கும் படிக்கிறாள். தேர்வுக்காகத்தான் எங்கள் இதழை மாதாமாதம் வாங்கியிருக்கிறாள். முகவரியை வெங்கடபதியிடம் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"ஏனுங்க சார், தசையப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களா?"

வாசகி! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமாம்மா, உள்ளே வாங்க."

அவள் உள்ளே வரவில்லை. பையிலிருந்து என் பக்கத்தை எடுத்தாள். லேமினேஷன் செய்திருந்தது. கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவில், ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

"இதுக்கு அடுத்த பக்கம் எங்கீங்க? எங்கம்மா அதைத் தவற உட்டுட்டாங்கன்னு நெனைக்கிறனுங்க. இப்படியே முடிஞ்சிருக்காதில்லீங்க?"

"இதோட முடிஞ்சுதும்மா."

"அப்பறம் மாத்தரை சாப்படறவங்க என்னங்க பண்றது? அதை எழுதலீங்களா?"

குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவளே சொன்னாள்: "எங்கம்மா ஆறு மாசமா மாத்தரைய முழுங்கவே இல்லீங்க. நான் டெய்லி கேப்பேன், போட்டாச்சு கண்ணும்பாங்க. போன வாரம் மயங்கி உழுந்துட்டாங்க. அரிசி டின்னுக்குள்ள ஆறு டப்பா பிரிக்காமக் கெடக்குதுங்க. டப்பாக்கு அடியில இந்தப் பக்கம்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நிலையைப் பிடித்தேன் என்று நினைக்கிறேன். அடுத்து நினைவிருப்பது, நான் நாற்காலியில் இருக்கிறேன், அவள் என் வீட்டுச் சமையலறையிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

"சித்த குடிங்க சார். உங்களத் திட்ட வரலீங்க. அடுத்த பக்கம் இருந்தா எங்கம்மாட்டக் காட்டலாம்னு வந்தனுங்க."

அவள் போன பிறகு ஹுமேராவை அழைத்தேன். யுவஸ்ரீ அனுப்பிய டப்பாவின் படத்தையும் அனுப்பினேன். கால் வலிக்கு மாத்திரைதான் காரணம் என்று நினைத்து அவள் அம்மா நிறுத்தியதையும் சொன்னேன்.

"சார், இந்த மாத்திரைல அந்தப் பழைய மருந்தே இல்ல. எழுதறப்ப நான் ரெண்டு தடவ சொன்னேனே சார்." பிறகு, "அந்தம்மாவுக்கு மாத்திரையாலதான் கால் வலின்னு யார் சொன்னது? என்ன வேலை செஞ்சாங்க அப்ப?" என்று கேட்டார்.

கும்மி என்றேன்.

"கும்மி ஆரம்பிச்சா முதல் மாசம் யாருக்கும் தொடை வலிக்கும் சார். எனக்கு மாடிப்படி ஏறினாலே வலிக்குது."

5

இப்போது பழனியாத்தாளைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில், அவர் பெயர் பழனியாத்தாள் இல்லை. "பேரை மாத்தி எழுதுங்க" என்று அவரே சொல்லி, இந்தப் பெயரையும் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒருத்தியின் பெயராம். "எரவல் வாங்குன வளையலைத் திருப்பித் தராமயே கண்ணாலமாகிப் போயிட்டா. இந்தப் பேராச்சும் எனக்கு ஆகட்டுங்க."

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கணவர் இறந்து பதினேழு வருடம். அவ்வளவு வருடமும் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டு, சத்துணவுக் கூடத்தில் சமைத்து, மகளைப் படிக்கவைத்தவர். இவருக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வாசகர் கேட்பாரே என்று நான் அவரிடம் இழுத்தபோது அவர் சொன்னது: "அதைச் சொல்லாட்டி கதை நிக்காதுங்களா? அப்ப நிக்காமயே போகட்டுங்க.")

போன தையில் அவர்கள் ஊரில் வள்ளி கும்மிப் பயிற்சி தொடங்கியது. இப்போது கொங்கு முழுக்க ஊர் ஊராக நடப்பதுதான். சாயங்காலம் பயிற்சி, மூன்று மாதம். கடைசியில் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் மூன்று மணி நேரம் ஆடும் அரங்கேற்றம். அம்மாவும் மகளும் சேர்ந்தார்கள். பழனியாத்தாள் ஊர் நிகழ்ச்சி எதிலும் வரிசையில் நின்றதில்லை. இது முதல் தடவை. கணவர் இறந்த பிறகு அவர் உடுத்தும் முதல் புதுச்சேலை அது.

பத்தாம் நாள் தொடை கடுத்தது. வரிசையில் இருந்த நாற்பது பேருக்கும் கடுத்தது. எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிரித்தார்கள். பழனியாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் மகள் வாங்கி வைத்திருந்த இதழைப் புரட்டியிருக்கிறார். 'கிருமி தசைக்குள் நுழைவதில்லை, நுழைவது மருந்து.' மற்றவர்களுக்கு வருவது ஆட்ட வலி, தனக்கு வருவது மாத்திரை வலி என்று முடிவு செய்துவிட்டார். யாரிடம் கேட்பார்? கேட்டால் என்ன மாத்திரை என்பார்கள்.

அரங்கேற்றம் வரைக்கும் மட்டும் என்று நிறுத்தினார். மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. நாற்பது பேருக்கும் போய்விட்டது, உடம்பு பழகினால் போகத்தான் செய்யும். ஆனால் அவருக்கு என் கட்டுரை நிரூபணமாகிவிட்டது.

இந்த இடத்தை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு கதாபாத்திரம் இப்படிச் செய்வாள் என்று நான் கதையில் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று வெங்கடபதி திருப்பி அனுப்பியிருப்பார். நடந்திருக்கிறது. செல்போன் படத்தில் அவர் ஆடுகிறார். நீலச் சேலை. மூன்று மணி நேரமும் ஒரு அடி பிசகவில்லை.

அரங்கேற்றம் முடிந்தும் மாத்திரையைத் தொடங்கவில்லை. நன்றாக இருக்கிறதே, எதற்கு? மாதாமாதம் போய் டப்பாவை மட்டும் வாங்கி வந்தார்; போகாவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்பார்களே. ஆனியில் காய்ச்சல் வந்தது. ஆடியில் இருமல், நுரையீரலில் தொற்று. தொடை இரண்டும் மெலிந்து, பாவாடை நாடா இரண்டு சுற்று வந்தது. நான் கட்டுரையின் முதல் பாதியில் அக்கறையில்லாமல் எழுதித் தள்ளினேனே, பக்கத்துச் செல் சாவதைப் பற்றி, அது இப்போது அவர் காலில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது.

6

மருத்துவமனைக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

"வாங்க, வாங்க சார், வாங்க." படுத்திருந்தவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "கண்ணு, சாருக்கு அந்த ஸ்டூல இழுத்துப் போடு. ஒரு டீ வாங்கியா."

யுவஸ்ரீ போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நெம்ப நல்லா எழுதியிருந்தீங்க. எனக்கு மனப்பாடமுங்க." கண்ணை மூடிக்கொண்டு என் கடைசி வரியை ஒப்பித்தார். மூச்சு வாங்கியது, காற்புள்ளி வரும் இடத்தில் சரியாக நிறுத்தினார்.

முப்பது வருடமாக எழுதுகிறேன். என் வாக்கியம் ஒன்றை இப்படி யாரும் திருப்பிச் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

"நீங்க ஏனுங்க அழுகறீங்க? அச்சுல இருந்தா நெசம்னு நம்புனது நானுங்க."

வெட்டிய மூன்று வரிகளைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். வெட்டியது நான் என்பதையும், ஏன் வெட்டினேன் என்பதையும் சொன்னேன். நம்பாமல் பார்த்தார். "நல்லா இல்லீன்னா? அந்த மூணு வரி நல்லா இல்லீன்னா எடுத்தீங்க?" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"ஐயோ, சார். நான் அதை நாலு பேத்துக்கு செராக்ஸ் எடுத்துக் குடுத்துப்போட்டனுங்க."

7

இந்த இடத்தில்தான் கதைக்காரர்கள் முடிவுக்குத் தாவுவார்கள். என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

(அ) பழனியாத்தாள் மாத்திரையை மறுபடி தொடங்குகிறார். கிருமி அடங்குகிறது. அடுத்த சித்திரையில் அதே நீலச் சேலையில்— எழுதியவனை மன்னித்துவிடும் முடிவு. வேண்டாம்.

(ஆ) பழனியாத்தாள் சாகிறார். யுவஸ்ரீ அந்தப் பக்கத்தை— இதுவும் வேண்டாம். கடைசி வரி பிரமாதமாக வந்தது. அதனாலேயே கிழித்தேன்.

நடப்பு இதுதான்: மாத்திரை தொடங்கியாகிவிட்டது, இருமல் குறைந்திருக்கிறது, சுவரைப் பிடித்து நான்கு அடி நடக்கிறார். போன தசை எவ்வளவு திரும்பும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் தன் காலைப் பற்றி இப்போது கேட்பதே இல்லை. அந்த நாலு பேரைப் பற்றித்தான் கேட்கிறார்.

யார் அந்த நாலு பேர்? மாத்திரை வாங்கும் வரிசையில் பார்த்துப் பழகியவர்கள். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ஆள் அடையாளம் மட்டும் சொன்னார்.

நம் பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பஸ்ஸில் உட்கார்ந்தால், டிக்கெட் வாங்குவதற்குள் எந்த ஊருங்க, யாரு வீடுங்க, புள்ளைங்க எத்தனைங்க என்று கேட்டு முடித்திருப்பார்கள். அந்த வரிசையில் மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. நீ கேட்டால் உன்னையும் கேட்பார்கள். பத்து வருடம் பக்கத்தில் நின்றவர்கள் சந்தையில் எதிர்ப்பட்டால் தெரியாதவர்கள் போல் போய்விடுவார்கள். அது அங்கே ஒரு மரியாதை.

"அங்க பேரு கேக்கற பழக்கமில்லீங்க சார். நாம் பட்ட சொகம் அவிகளும் படட்டும்னு குடுத்தேன்."

மருத்துவமனையில் சொன்னேன். எல்லோரும் தேதி தவறாமல் வந்து வாங்கிப் போகிறார்கள் என்று பதிவேடு காட்டியது. பழனியாத்தாளையும் அந்தப் பதிவேடு அப்படித்தானே காட்டியது? சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். வெங்கடபதி அடுத்த இதழிலேயே, வெட்டிய மூன்று வரிகளையும் கட்டம் கட்டிப் போட்டார். அந்த நாலு பேர் கையில் இருப்பது இதழ் இல்லை, செராக்ஸ்.

8

போன மாதம், மாத்திரை கொடுக்கும் நாளில், பழனியாத்தாள் மகளிடம் சக்கர நாற்காலி கேட்டார். காலையிலேயே அந்த வரிசைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். நானும் போனேன். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இளைத்துப்போன அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பதினொரு மணி இருக்கும். திடீரென்று அவர் குரலை உயர்த்தினார்.

"ஏனுங்க, எல்லாரும் சித்த கேளுங்க. எம்பேரு ———. ஊரு ———."

(கோடு போட்ட இடத்தில் அவர் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். தன் ஊரைச் சொன்னார். அந்த வரிசையில் அதற்கு முன் யாரும் செய்யாததை அவர் செய்தார். நான் அதை அச்சில் போட மாட்டேன்.)

"நான் உங்கள்ல நாலு பேத்துக்கு ஒரு பேப்பரு குடுத்தனுங்க. அது தப்பு. மாத்தரைய நிறுத்திப்போட்டு நான் இப்படி ஆயிட்டேன், என்ற காலப் பாருங்க." சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துக் காட்டினார். யுவஸ்ரீ தடுக்கவில்லை.

மருந்து கொடுக்கும் பெண்கூட நிறுத்திவிட்டாள். பிறகு வரிசையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காதில் மிஷின் வைத்த பெரியவர். கண்ணாடி இல்லாததால் பக்கத்தைப் படிக்கவே இல்லை, பையில் மடித்து வைத்திருந்தார். இன்னொருவர் ஸ்டீல் டிபன் கேரியரோடு வரும் அம்மாள். நிறுத்தி மூன்று வாரமாம். பழனியாத்தாளின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். அன்றைக்கே அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

மற்ற இரண்டு பேர் அன்று வரவில்லை. அல்லது வந்து, தலையைக் குனிந்தபடி போய்விட்டார்கள்.

இந்தக் கதை அந்த இருவருக்காக எழுதப்பட்டது. மற்ற வாசகர்கள் கோபிக்காதீர்கள். உங்களுக்கு வேலை இருக்கிறது. இதைக் கிழித்து செராக்ஸ் எடுங்கள். பஸ் ஸ்டாண்டிலோ மருந்துக் கடையிலோ ஒட்டுங்கள். நடை பிடிக்காவிட்டால் இந்தக் கடைசிப் பத்திகளை மட்டும் எடுத்தாலும் போதும்.

கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வரும் தம்பி, நீங்கள். பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பவானி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அம்மணி, நீங்கள். உங்கள் இருவரிடமும் என் பக்கத்தின் செராக்ஸ் இருக்கிறது. அதன் கடைசி வரி தவறு. நீங்கள் மாத்திரை போடுகிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் முடிவு அதுதான், அது என்னிடம் இல்லை.

நிறுத்தியிருந்தால் நாளைக்கே மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயமாக இருந்தால், இவன் எழுதியதை நம்பித்தான் நிறுத்தினேன் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். என் பெயர் லட்சுமிநாராயணன். ஊர் துடியலூர்.